பரங்கிமலை இறக்கம்

என் தம்பி சவுரிமுத்துவுக்குக் கோபம் வந்தால் சோற்றுத் தட்டைத் தள்ளி வைப்பான். என் வீட்டுக்காரர் அந்தோணிசாமிக்குக் கோபம் வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் வெளியே போய்க் கார் துடைப்பார். எங்கள் பெண் பாப்பாவுக்குக் கோயிலில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து, பம்மலில் எங்கள் வீட்டில் சோறு மிஞ்சிக்கொண்டே இருந்தது, கார் பளபளத்துக்கொண்டே இருந்தது. நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் நான். எனக்குக் கோபம் வந்தால் என்ன செய்வேன் என்று கேட்கிறீர்களா? கத்துவேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

சண்டை எதற்கு? கல்யாணத்தன்று பாப்பாவை உட்கார வைத்துக் கார் ஓட்டப்போவது யார் என்பதற்கு.

பம்மல் கோயிலில் தாலி கட்டியானதும் பொண்ணும் மாப்பிள்ளையும் பரங்கிமலைக்குப் போய் மாதாவுக்கு மாலை போட வேண்டும். அங்கிருந்து நேரே பெருங்களத்தூர், மாப்பிள்ளை வீடு. இதுதான் ஏற்பாடு. மலைக்குப் போவது வெறும் ஆசைக்காக இல்லை, என் வீட்டுக்காரரின் நேர்த்திக்கடன். பாப்பா பாவாடை சட்டையில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு மழை நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஸ்கூட்டர் வழுக்கி விழுந்தார். பின்னால் வந்த லாரியின் சக்கரம் இடது காலின் மேல் ஏறி இறங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்த அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாதாவுக்கு வேண்டிகினேன் ஞானம். பாப்பா கல்யாணத்தன்னிக்கு அவளை நானே மலைக்கு இட்டாறேன்னு" என்றார்.

"மொதல்ல கக்கூசுக்கு நீயே போற வழியப் பாரு" என்றேன் நான். சொல்லிவிட்டு வராந்தாவில் போய் நின்று அழுது தீர்த்தேன். என் வாய் அப்படி. அவருக்கு அது பழக்கம்.

கால் போன பிறகு அந்த மனுஷன் ஜன்னலோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார் பாருங்கள், உட்கார்ந்ததுதான். கட்டைக்கால் பொருத்தினார்கள், நடந்தார். தோல் கம்பெனியில் ஸ்டோர் வேலைக்கும் திரும்பப் போனார். ஆனால் போவார், வருவார், அதே நாற்காலியில் உட்காருவார். யாராவது வீட்டுக்கு வந்தால் கைலியை இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார். பேச்சும் குறைந்துபோயிற்று. நான் எவ்வளவு கத்தினாலும் பதில் சொல்ல மாட்டார். கத்துகிறவளுக்கு அதைவிடக் கொடுமை உண்டா?

அந்த நாற்காலியிலிருந்து அவரை எழுப்பியது கார்தான். கம்பெனி முதலாளியின் பழைய ஜப்பான் கார், தயிர் நிறத்தில், தோல் ஊறப்போடுகிற தொட்டிகளுக்குப் பின்னால் இருந்த புங்கமரத்தடியில் காக்கை எச்சத்தோடு கிடந்தது. அதில் கிளட்ச் கிடையாது. கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். அதனாலேயே எந்த டிரைவரும் அதைச் சீண்டவில்லை. என் வீட்டுக்காரர் ஒருநாள் கதவைத் திறந்து உள்ளே பார்த்திருக்கிறார். கீழே இரண்டே பெடல், ஆக்சிலேட்டரும் பிரேக்கும். இரண்டுமே வலது காலுக்கு. இடது காலுக்கு அந்த வண்டியில் வேலையே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து, விபத்துக்கு அப்புறம் முதல் தடவையாக என்னிடம் இரண்டாவது தரம் சோறு கேட்டார்.

கெஞ்சிக் கூத்தாடி முதலாளியிடம் வண்டியைப் பெற்று, சின்னதம்பி மெக்கானிக்கை வைத்து உயிர் கொடுத்து, கால் இல்லாதவருக்கென்று தனியாகச் சோதித்துத் தருகிற லைசென்ஸையும் அலைந்து வாங்கிவிட்டார். அப்புறம் ஆளே மாறிப்போனார். தெருவில் யாருக்குப் பிரசவ வலி என்றாலும் இவர்தான். காந்திமதி அக்கா வீட்டுச் சின்னக் குட்டி இவர் காரில்தான் பிறக்கப் பார்த்தது. நான் கத்தினால் பதிலுக்குக் கத்தவும் ஆரம்பித்தார். வீடு மறுபடி வீடாயிற்று.

இப்போது என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சவுரிமுத்து தண்ணி லாரி டிரைவர். பம்மலில் பாதித் தெருக்கள் அவன் லாரியை நம்பித்தான் சோறாக்கின. ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரரைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிச் சுமந்தவன் அவன்தான், அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஆனால் அவனுக்கு இரண்டு கர்வம். ஒன்று, அவன் பாப்பாவுக்குத் தாய்மாமன். இன்னொன்று, டேங்கர் நிறையத் தண்ணீரோடு திரிசூலத்து இறக்கத்தில் ஒரு சொட்டு சிந்தாமல் இறங்குகிறவன்.

"தாய்மாமன் நான் குத்துக்கல்லாட்டம் கீறப்ப, பொண்ணை வேற யார் இட்டுகினு போறது?" என்று ஆரம்பித்தான், அந்த முதல் ஓலை வாசித்த அன்று மத்தியானம், மீன்குழம்பு பரிமாறும்போது.

"வேற யாருமில்லடா. அவளைப் பெத்தவரு" என்றேன்.

"அக்கா, நீ சும்மா இரு. ஏத்தம் எவன் வேணா ஏத்திடுவான். எறக்கம்தான் பேஜார். என் வண்டியில செகண்டு கியரு போட்டன்னா இன்ஜினே புடிச்சுக்கும், பிரேக்கை லேசா தொட்டா போதும். இந்த வண்டியில இன்னா கீது புடிக்கறதுக்கு? லீவரை டி-யில போட்டா அது பாட்டுக்கு வழுக்கிகினு போவும். மிக்சி கணக்கா ஒரு வண்டி. கல்யாணக் கூட்டம் ரோட்டு மேல நிக்கும், கெழங்கட்டைங்க நடக்கும். வெறும் பிரேக்கை நம்பி எறக்கறதா? அதுவும் ஒத்தக்கால வச்சிகினு?"

அந்த வார்த்தை விழுந்ததும் கரண்டி என் கையிலேயே நின்றது. சவுரிக்கும் தெரிந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டான். என் வீட்டுக்காரர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வெளியே போனார். துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிகிற சத்தம் கேட்டது. சவுரி தட்டைத் தள்ளி வைத்தான். நல்ல வஞ்சிர மீன், நாசமாய்ப் போயிற்று.

இது போதாதென்று மாப்பிள்ளையின் அம்மா கங்கையம்மாள் அடுத்த ஞாயிறு பூசைக்கு வந்தபோது என்னை ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார். "சம்பந்தி, தப்பா நெனச்சுக்காதீங்க. மலைக்கு மட்டும் ஒரு டாக்சி வச்சுடலாமே? அவருக்கும் செரமம் இல்ல பாருங்க." நல்ல மனசோடுதான் கேட்டார், அதுதான் எனக்கு எரிச்சல். கெட்ட மனசோடு கேட்டிருந்தால் நான் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

இதெல்லாம் என் வீட்டுக்காரர் காதுக்கும் போயிருக்கிறது. அன்றைக்குச் சாயங்காலம் துவைத்த துணியை நான் மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சவுரியே ஓட்டட்டும் ஞானம்."

"அப்ப உன் நேர்த்தி?"

"மாதா கோவிச்சுக்க மாட்டா. நான் பின்னால உக்காந்து வரேன். கல்யாணம் முடிஞ்சதும் வண்டியையும் யாருக்குனா குடுத்துடலாம்."

"வண்டிய எதுக்குய்யா குடுக்கணும்?"

"பெத்த பொண்ணை ஒக்கார வச்சு ஓட்ட நம்பிக்கை இல்லாதவன் கையில எதுக்கு வண்டி?" என்று சொல்லிவிட்டு, எழுந்துபோய் அந்த ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தார். கைலியை இழுத்து விட்டுக்கொண்டார்.

அந்த நாற்காலியை அன்றைக்கே உடைத்து அடுப்பில் வைத்திருக்கலாம். இந்த மனுஷன் மறுபடியும் அதில் போய் உட்கார்ந்தால் இன்னொரு தடவை எழுப்ப என்னால் முடியாது, அதற்குக் காரும் இருக்காது, பாப்பாவும் இருக்கமாட்டாள். பயமும் இருந்தது, மறைப்பானேன்? சவுரி சொல்வதில் நியாயம் இருந்தால்? இறக்கத்தில் நிஜமாகவே வண்டி நிற்காமல் போனால்? எனக்கு என்ன தெரியும் கியரைப் பற்றி? தண்ணீர்க் குடத்தைப் பற்றித்தான் தெரியும்.

அந்தக் குடம்தான் வழி காட்டியது. மறுநாள் இரண்டு பேரையும் நிற்க வைத்துக் கத்தினேன். "எனக்கு உங்க இன்ஜினும் வாணாம், பிரேக்கும் வாணாம். ரெண்டு பேரும் என்னை மலை மேல இட்டுகினு போங்க. நான் மடியில தளும்பத் தளும்ப ஒரு கொடம் தண்ணி வச்சிகினு பின்னால உக்காருவேன். ஆளுக்கு ஒரு தரம் எறக்குங்க. எவன் தண்ணி சிந்தாம எறக்கறானோ அவன் கையில என் பொண்ணு. அதுக்கு மேல எவனாச்சும் வாயத் தொறந்தீங்க, நானே நடத்திக் கூட்டிகினு போவேன் அவளை."

சவுரிக்குச் சிரிப்பு. "அக்கா, தண்ணியா? என்கிட்டயா?" என்றான். என் வீட்டுக்காரர் சாவியை எடுத்தார்.

பாப்பா வேலைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம் கிளம்பினோம். டிக்கியில் பச்சைக் குடம் ஒன்று, சிவப்புக் குடம் ஒன்று. ஏற்றம் அவர்தான் ஓட்டினார். உச்சியில் கோயில் வாசலில் காற்று பிய்த்துக்கொண்டு போயிற்று. கீழே மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. குழாயில் குடத்தை நிரப்பி மடியில் வைத்துக்கொண்டேன். வாய்வரை தண்ணீர். மாதாவே, என் புடவையைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன், நிஜமாக.

முதலில் சவுரி. சட்டைக் கையை மடித்துவிட்டு ராஜா மாதிரி உட்கார்ந்தான். லீவரை டி-யில் போட்டான். வண்டி நகர்ந்தது, கொஞ்சம் சரிந்தது, அப்புறம் தானாகவே ஓட ஆரம்பித்தது. சவுரி சொன்னது பொய்யில்லை, அந்த இன்ஜின் எதையும் பிடிக்கவில்லை, பேச்சுமூச்சில்லாமல் எங்களை அனுப்பிவைத்தது. வளைவு கிட்டே வந்தது. இத்தனை வருஷம் லாரி ஓட்டினவன் அல்லவா? கியர் இறக்கலாம் என்று அவன் கை லீவருக்குப் போயிற்று. கை போனதும் கூடவே இடது காலும் போயிற்று, கிளட்ச்சை மிதிக்க. கிளட்ச் எங்கே இருக்கிறது? அந்த இடத்தில் அகலமாக நீட்டிக்கொண்டிருந்தது பிரேக். லாரி கிளட்ச்சை மிதிக்கிற மிதியை அவன் அதன் மேல் இறக்கினான்.

வண்டி கிறீச்சென்று அடித்த இடத்தில் நின்றது. குடம் மட்டும் நிற்கவில்லை. அப்படியே எழும்பி முன்சீட்டு முதுகில் மோதி, தண்ணீர் மொத்தமும் என் மூஞ்சியிலும் மடியிலும். நான் திட்டின திட்டு மலை மேலிருந்த சாமியாருக்கும் கேட்டிருக்கும்.

"இன்னாடா பண்ண, கட்டையில போறவனே!"

"நான் ஒண்ணியும் பண்ணலக்கா! காலு தானா போச்சு!"

"இன்னொரு தரம் எறக்கு மச்சான். புது வண்டி, பழகணும்ல" என்றார் என் வீட்டுக்காரர், சிரிக்காமல்.

மறுபடி மேலே போனோம். மறுபடி குடம். மறுபடியும் அதே வளைவு, கை போயிற்று, கால் போயிற்று, தண்ணீர் என் மேல் வந்தது. இந்தத் தடவை ஜாக்கெட்டுக்குள்ளும் போயிற்று. மலை ஏறி வந்துகொண்டிருந்த இரண்டு கன்னியாஸ்திரிகள் எங்களைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

மூன்றாவது தரம் சவுரி பல்லைக் கடித்துக்கொண்டு இடது காலை மடக்கிச் சீட்டின் மேல் வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். "இப்ப போவட்டும் பாக்கறேன்" என்று காலுக்குச் சொன்னான். வலது காலால் பிரேக்கை அமுக்கி விட்டு, அமுக்கி விட்டு, தத்தித் தத்தி இறங்கினான். ஒவ்வொரு அமுக்கலுக்கும் ஒரு கை தண்ணீர் என் மடிக்கு. அடிவாரத்தில் நின்றபோது அரைக் குடம்கூட இல்லை. சக்கரத்துப் பக்கமிருந்து கருகின வாடை வந்தது. சவுரியின் முகம் வேர்த்து ஊற்றியது. டேங்கரையே அடக்குகிறவன் இந்தத் தயிர்நிறப் பொடி வண்டியிடம் தோற்றுப்போய் உட்கார்ந்திருந்தான். எனக்கே பாவமாகப் போயிற்று, நனைந்த கோழியாக நான் உட்கார்ந்திருந்தும்.

அப்புறம் என் வீட்டுக்காரர். மறுபடி மேலே ஏறி, பிரேக்குச் சூடு ஆறட்டும் என்று கோயில் வாசலில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார். குடத்தை நான் நிரப்பிக்கொண்டு வந்தேன். சவுரி முன்னால் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். அவர் கிளம்புவதற்கு முன்னாலேயே, சமதரையில் நிற்கும்போதே, லீவரை டி-யைத் தாண்டி, 2 என்று எழுதியிருந்ததையும் தாண்டி, கடைசியாக எல் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கொண்டுபோனார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். எடுத்தவர் ஆக்சிலேட்டரிலும் வைக்கவில்லை. சும்மா தரையில் வைத்துக்கொண்டார்.

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. "யோவ், கால வைய்யா!" என்றேன்.

வண்டி இறங்க ஆரம்பித்தது. இன்ஜின் ம்ம்ம் என்று குரல் கொடுத்தது. சரிவு கூடக்கூட அந்தக் குரலும் கூடிற்று, ஆனால் வேகம் கூடவில்லை. யாரோ பின்னாலிருந்து வண்டியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வருகிற மாதிரி இருந்தது. வளைவில் மட்டும் பிரேக்கை ஒரு தடவை தொட்டார். குடத்தில் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து, விளிம்பைத் தொட்டு, திரும்பி வந்தது. ஓரமாக ஒரு வயதானவர் ஆட்டுக்குட்டியைப் பிடித்துக்கொண்டு போனார், நாங்கள் அவரைத் தாண்டிப்போகவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அடிவாரத்தில் நின்றபோது என் மடியில் சிந்தியிருந்தது ஒரு வாய்த் தண்ணீர். அதுவும் நான் நடுங்கினதால்.

சவுரி இறங்கிப் போய் ஓரத்துக் கல்லின் மேல் உட்கார்ந்தான். "எப்டி மாமா?" என்றான்.

"டி-யில விட்டா வண்டி, சரி லோடு இல்ல, ஓடட்டும்னு தானே மேல் கியருக்குப் பூடும் மச்சான். அப்புறம் எங்க புடிக்கும்? எல்-ல போட்டா மேல போவக்கூடாதுன்னு கட்டிப்போட்ட மாதிரி. நீ உன் லாரியில போடற அதே ஃபர்ஸ்ட்டு கியருதான். சக்கரம் ஓடப் பாக்கும், இன்ஜின் விடாது. ஓடற கொழந்தையப் பின்னால சட்டையப் புடிச்சிகினு போற மாதிரி."

"அது சரி. என் காலு ஏன் மாமா கேக்கல?"

"அது நல்ல டிரைவர் காலு. கிளட்ச்சைத் தேடத்தான் தேடும்." என் வீட்டுக்காரர் தன் கட்டைக்காலைத் தட்டினார், டொக் டொக் என்று. "எனக்கு அந்தப் பேஜாரு இல்ல. தேடற காலை ஆஸ்பத்திரியிலயே விட்டுட்டு வந்துட்டேன்."

இத்தனை வருஷத்தில் தன் காலை வைத்து அவர் தமாஷ் பண்ணினது அதுதான் முதல் தடவை. சவுரி கடகடவென்று சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தவன் அப்படியே அழுதுவிட்டான். எழுந்து வந்து, "ஒத்தக்காலுன்னு சொன்னதுக்கு என் வாயில மண்ணைப் போடு மாமா" என்று அவர் கையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டான். இவர் அவன் தலையில் ஒரு குட்டு குட்டினார். ஈரப் புடவையோடு நின்று இரண்டு தடிமாடுகளும் கட்டிப்பிடித்துக்கொள்வதைப் பார்த்தேன். மனசு நிறைந்துபோயிற்று. தும்மலும் வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது சவுரி உம்மென்று வந்தான். "எல்லாம் சரி. அப்ப தாய்மாமன் மொறை? நான் சும்மா வேடிக்கை பாத்துகினு வரதா?"

"முன்னால உக்காரு. லீவரு உன் கை. ஸ்டீரிங்கு அவரு. மேலேர்ந்து எறங்கறப்ப நீதான் எல்-ல போடணும், நீதான் எடுக்கணும். நீ போடாம வண்டி நகரக்கூடாது" என்றேன். அந்த யோசனை எங்கிருந்து வந்ததோ எனக்கே தெரியாது. சவுரி பம்மல் வரும்வரை யோசித்துப் பார்த்துவிட்டு, "சோறு கீதாக்கா?" என்றான்.

கல்யாணம் நன்றாக நடந்தது. பாப்பா வெள்ளைப் பட்டில், தலையில் நெட்டு முக்காட்டோடு, என் வயிற்றில் பிறந்தவளா என்று எனக்கே சந்தேகம் வரும்படி இருந்தாள். மாப்பிள்ளை லூர்து தங்கமான பையன், கொஞ்சம் வெகுளி. மலையில் மாலை போட்டோம். என் வீட்டுக்காரர் மாதா முன்னால் முழங்கால் போட முடியாமல் நின்றபடியே கும்பிட்டார். வெகுநேரம் கும்பிட்டார். பின்சீட்டில் பாப்பாவும் மாப்பிள்ளையும் ஓரத்தில் நானும். முன்னால் சவுரி, பட்டு ஜரிகை வேட்டியில், பூசை வைக்கிற சாமியார் மாதிரி லீவரைப் பிடித்து எல்-ல் போட்டான். ரோடு முழுக்கக் கல்யாணக் கூட்டம். ஊடே ஊடே வண்டி புகுந்து இறங்கியது, பாப்பாவின் மடியிலிருந்த பூச்செண்டுகூட அசையவில்லை. கீழே கங்கையம்மாள் எங்களுக்காகக் காத்திருந்தார். கார் தரையைத் தொட்டதும் அவர் விட்ட மூச்சை நான் பார்த்தேன். எனக்குக் கர்வமாக இருந்தது, ஏன் இருக்கக்கூடாது?

ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தோம். சவுரியின் கை லீவர் மேலேயே இருந்தது. டி-யில் போடச் சொல்லுவார் என்று என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் சொல்லவில்லை. வண்டி எல்-லேயே உறுமிக்கொண்டு ஊர்ந்தது. சைக்கிள்காரன் ஒருத்தன் எங்களைத் தாண்டிப்போய்த் திரும்பிப் பார்த்தான்.

பல்லாவரம் வந்தது. பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கின கையை எடுக்கவில்லை.

"இன்னாய்யா, மறந்துட்டியா? மாத்தச் சொல்லு அவன்கிட்ட. இன்ஜின் கத்துது" என்றேன்.

"இருக்கட்டும் ஞானம்."

குரோம்பேட்டை தாண்டினோம். சவுரிக்குத் தாங்கவில்லை, இன்ஜினை யாராவது அப்படிக் கத்த விட்டால் அவனுக்குப் பல் கூசும். "மாமா, சூடு முள்ளு ஏறுது. டி-யில போட்டுடறேன்."

"வாணாம் மச்சான்."

மாப்பிள்ளை முன்னால் குனிந்து மரியாதையாகக் கேட்டார். "மாமா, வண்டியில ஏதாவது ரிப்பேரா?"

"இல்ல தம்பி. எறக்கம். அதான்."

"இறக்கமா? ரோடு சமமாத்தானே இருக்கு?"

அப்போதுதான் நான் முன்னாலிருந்த கண்ணாடியைப் பார்த்தேன். பின்னால் வருகிற வண்டியைப் பார்ப்பதற்கான கண்ணாடி அது. என் வீட்டுக்காரர் அதைக் கீழே திருப்பி வைத்திருந்தார். அதில் பஸ்ஸும் இல்லை, ரோடும் இல்லை, பாப்பாவின் முகம் மட்டும் இருந்தது. ரோட்டை ஒரு பார்வை, அதை ஒரு பார்வை என்று வந்துகொண்டிருந்தார். பாப்பாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எத்தனை நேரமாகவோ தெரியவில்லை. அவள் கன்னத்தில் மை கரைந்து இறங்கியிருந்தது. சவுரியும் பார்த்துவிட்டான் போலிருக்கிறது. லீவரிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஹாரன் அடிக்கிறவன் அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டோம்.

என்னதான் மெதுவாகப் போனாலும் தாம்பரம் வரத்தான் செய்தது. பாலம் ஏறி இறங்கினோம். பெருங்களத்தூரும் வந்துவிட்டது. தெருமுனையில் பேண்டு வாத்தியம், ஆரத்தித் தட்டோடு பெண்கள். வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். நிறுத்தினாரே தவிர எதையும் அணைக்கவில்லை. பிரேக்கை மிதித்தபடி, இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் எடுத்தால் வண்டி இன்னும் கொஞ்ச தூரம் தானாகவே ஊர்ந்து போகும், அப்படியே போய்விடலாமா என்று யோசிக்கிறவர் போல இருந்தார். எங்களுக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்த கங்கையம்மாள், கதவைத் திறக்க வந்தவர், உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"சவுரி, லீவரு" என்றேன் மெதுவாக. அது அவன் முறை. நான் கொடுத்த முறை. சவுரி தலையை ஆட்டினான், என்னால் ஆகாது என்று.

பாப்பாதான் நெட்டை ஒதுக்கிக்கொண்டு எழுந்தாள். இரண்டு சீட்டுக்கும் நடுவில் குனிந்து, வளையல் குலுங்கக் கையை நீட்டி, லீவரைப் பிடித்து, எல்-லிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய் முதல் இடத்தில், வண்டியை நிறுத்தி வைக்கிற இடத்தில் போட்டாள்.

"வந்துட்டோம்ப்பா. கால எடுங்க" என்றாள்.

அவர் காலை எடுத்தார். வண்டி நின்ற இடத்திலேயே நின்றது.